எக்ஸ்டென்ஷன் எங்கேந்து எடுக்கறது? ரங்கூன் வீட்டு லேப்டாப்புக்கு குரோமா, ஃபயர்பாக்ஸா, கடைக்காரர் குடுக்கற ஃபைலா

வீட்டுல லேப்டாப் வாங்கி வச்ச கொஞ்ச நாள்லயே நம்ம ஆளுங்க கேக்க ஆரம்பிச்சுடறாங்க. விளம்பரத் தொல்ல தாங்கல, தமிழ்ல டைப் அடிக்கணும், பர்மியப் பக்கம் கட்டம் கட்டமா தெரியுது, இதுக்கெல்லாம் பிரவுசர்ல ஏதோ எக்ஸ்டென்ஷன் போடலாமாமே, அது எங்க கிடைக்கும், எப்படிப் போடறதுன்னு. ரங்கூன்ல மட்டும் இல்ல, மௌல்மீன், தாட்டோன் பக்கம் இருக்கற சொந்தக்காரங்களும் வைபர்ல இதத்தான் கேக்கறாங்க. கேக்கறவங்க யாரும் கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்ல, கடைக் கணக்கு பாக்கறவங்க, கோயில் கமிட்டிக்கு லெட்டர் அடிக்கறவங்க, வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க முகத்த பெரிய ஸ்கிரீன்ல பாக்கணும்னு வாங்குனவங்க. அவங்கள மனசுல வச்சுதான் எழுதறேன்.

எக்ஸ்டென்ஷன்னா பிரவுசருக்குள்ள போய் ஒக்காந்துக்கற ஒரு சின்ன புரோகிராம், அவ்ளோதான். தனியா ஓடாது, நீங்க பிரவுசர் திறந்தா அதுவும் கூடவே முழிச்சுக்கும், நீங்க பாக்கற பக்கத்த அதுவும் பாக்கும். கடைசியா சொன்னேன் பாருங்க, அதுவும் பாக்கும்னு, அதனாலதான் எந்த எக்ஸ்டென்ஷன்ங்கறத விட எங்கேந்து எடுக்கறோம், செஞ்சது யாருங்கறதுதான் எனக்குப் பெரிய கேள்வியா தெரியுது.

இங்க ஒருத்தருக்கு முன்னால இருக்கற வழின்னு பாத்தா, குரோம் போட்டு அதோட ஸ்டோர்லேந்து எடுக்கலாம், ஃபயர்பாக்ஸ் போட்டு அவங்க ஸ்டோர்லேந்து எடுக்கலாம், விண்டோஸோட வர்ற எட்ஜயே வச்சுக்கலாம், இல்ல கம்ப்யூட்டர் கடைத் தம்பி பென்டிரைவ்ல குடுக்கற ஃபைல ஏத்திக்கலாம், இல்ல எக்ஸ்டென்ஷனே போடாம பிரவுசர்லயும் விண்டோஸ்லயும் ஏற்கனவே இருக்கறத வச்சு ஓட்டிக்கலாம். கடைசி வழிய யாரும் யோசிக்கறதே இல்ல, ஆனா பாதிப் பேருக்கு அதே போதும்.

மொதல்ல அந்த பென்டிரைவ் விஷயத்த முடிச்சுடறேன், ஏன்னா இங்க அதுதான் ரொம்ப நடக்குது. கரன்ட் வர்ற நேரம் கொஞ்சம், நெட் மெதுவு, டேட்டா காசு, அதனால கடைல ஒரு ஜிப் ஃபைல வச்சுக்கிட்டு வர்றவங்க எல்லாருக்கும் அதயே போட்டு விடறாங்க. ஸ்டோருக்கு வெளில இருந்து நேரடியா எக்ஸ்டென்ஷன் போடறத விண்டோஸ்ல குரோம் 2014-லயே தடுத்துடுச்சு. அதனால கடைல என்ன பண்றாங்கன்னா, மூணு புள்ளி மெனுவுல எக்ஸ்டென்ஷன் பக்கத்தத் திறந்து, வலது மேல் மூலைல டெவலப்பர் மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத ஆன் பண்ணி, ஜிப்ப பிரிச்ச ஃபோல்டர அப்படியே ஏத்திடறாங்க. அந்த சுவிட்ச் எக்ஸ்டென்ஷன் எழுதறவங்க தங்களோடத சோதிச்சுப் பாக்கறதுக்காக வச்சது. இப்படிப் போட்டா அதுக்கு அப்டேட் தானா வராது, உள்ள என்ன இருக்குன்னு ஸ்டோர்ல யாரும் பாத்ததும் கிடையாது, நாளைக்கு அதுல தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாக்கூட ஸ்டோர்லேந்து தூக்கற மாதிரி உங்க மெஷின்லேந்து தூக்க யாரும் வர மாட்டாங்க.

எங்க பெரியம்மா வீட்டு லேப்டாப்ல இப்படித்தான் ஒண்ணு ஏறியிருந்துச்சு. எதத் தேடுனாலும் பேர் தெரியாத ஒரு தேடல் பக்கத்துக்குப் போகுது, அக்கா திரும்பத் திரும்ப கூகுளுக்கு மாத்தறாங்க, அது மறுபடியும் அங்கயே போய் நிக்குது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தத் திறந்தா ரிமூவ் பட்டனையே காணோம், மெனுவோட அடில ஒரு வரி இருக்கு, இந்த பிரவுசர உங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? ஆபீஸ் மெஷின்ல அந்த வரி இருந்தா சரி, சில ஆன்டிவைரஸ் போட்டாலும் வரலாம், ஆனா சாதாரண வீட்டு மெஷின்ல காரணமே இல்லாம அது இருந்தா யாரோ விண்டோஸ் உள்ளயே ரூல் எழுதி வச்சு எக்ஸ்டென்ஷன பூட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படணும். அத நம்மளா தோண்ட முடியாது, விவரம் தெரிஞ்சவங்க கைல குடுத்து அந்த ரூல எடுத்தப்புறம்தான் ரிமூவ் வரும். அது முடியற வரைக்கும் அந்த மெஷின்ல மெயிலோ பேங்க்கோ திறக்காதீங்க. இன்னிக்கே உங்க வீட்டுல அந்த மெனுவோட அடிய ஒரு தடவ எட்டிப் பாத்துடுங்க, ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது குரோம். நல்லது என்னன்னா எல்லாருக்கும் பழக்கம், எது கேட்டாலும் அதோட ஸ்டோர்ல இருக்கும், பர்மியப் பக்கத்த தமிழ்ல மாத்திக் காட்டறதுக்கு எக்ஸ்டென்ஷனே வேணாம், ரைட் கிளிக் பண்ணி டிரான்ஸ்லேட் குடுத்தா வேலை முடிஞ்சுது. வார்த்தைக்கு வார்த்தை சரியா இருக்காது, ஆனா விஷயம் புரியும், ஒரு அறிவிப்பப் படிச்சு இது எதப்பத்தின்னு தெரிஞ்சுக்க அது போதும்.

குறை அந்தக் கூட்டத்துலதான். எல்லாமே இருக்கற இடத்துல போலியும் இருக்கும். 2018-ல விளம்பரத் தடுப்புன்னு பேர் வச்ச அஞ்சு போலி எக்ஸ்டென்ஷன அட்கார்ட்னு விளம்பரத் தடுப்பு செய்யற கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சு சொன்னாங்க, சொல்றதுக்குள்ள அத ரெண்டு கோடிப் பேருக்கு மேல போட்டிருந்தாங்க. அடுத்த வருஷமே ஆட்பிளாக், யூபிளாக்னு தெரிஞ்ச பேரயே திருடி வச்சுக்கிட்டு வந்த ரெண்ட கூகுள் தூக்குச்சு. அதனால இத்தன லட்சம் பேர் போட்டிருக்காங்க, அஞ்சு ஸ்டார் இருக்குங்கறத மட்டும் பாத்து கை வைக்காதீங்க. ஸ்டோர்ல ஃபீச்சர்ட்னு ஒரு பேட்ஜ் 2022-லேந்து குடுக்கறாங்க, அது ஓரளவு உதவும், முழுசா இல்ல. 2025-ல 'ஃபிரீவிபிஎன் டாட் ஒன்'னு ஒரு எக்ஸ்டென்ஷன், அந்த பேட்ஜ் இருந்ததுதான், லட்சம் பேருக்கு மேல போட்டதுதான், அது ஆளுங்க பாக்கற பக்கத்தையெல்லாம் சத்தமில்லாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டு இருந்துச்சுன்னு பாதுகாப்பு ஆராய்ச்சி பண்றவங்க வெளில கொண்டு வந்தாங்க.

விபிஎன் பேச்சு வந்ததால சொல்லிடறேன், விபிஎன்னா தடுத்து வச்ச சைட்ட வேற ஒருத்தர் சர்வர் வழியா சுத்திப் போய்ப் பாக்கறது. 2021 பிப்ரவரில ஃபேஸ்புக்க தடுத்ததுலேந்து நம்ம ஊர்ல எக்ஸ்டென்ஷன் ஸ்டோர் பக்கம் போறவங்க நிறைய பேர் ஃபிரீ விபிஎன் தேடித்தான் போறாங்க. இப்ப அதுக்கு சட்டச் சிக்கலும் சேர்ந்துருச்சு, அத அவங்கவங்க யோசிச்சுக்கணும், நான் எக்ஸ்டென்ஷன் பக்கத்துலேந்து மட்டும் சொல்றேன், ஃபிரீ விபிஎன் எக்ஸ்டென்ஷன்ங்கறது நீங்க போற வர்ற எல்லாத்தையும் முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கை வழியா அனுப்பறது. காசு வாங்காம அவன் சர்வர் வாடகை எங்கேந்து கட்டறான்? ஹோலான்னு ஒண்ணு ரொம்பப் பிரபலமா இருந்துச்சு, போட்டவங்க வீட்டு நெட் கனெக்ஷனயே அது மத்த கம்பெனிக்கு வித்துட்டு இருந்தது 2015-ல தெரிய வந்துச்சு. வீட்டு லேப்டாப்ல, அதுவும் அம்மா பணம் அனுப்பற வாங்கற லேப்டாப்ல, ஃபிரீ விபிஎன் எக்ஸ்டென்ஷன் இருக்கவே கூடாதுங்கறது என் அழுத்தமான கருத்து.

குரோமுக்கு இன்னொரு குறை, இது பல பேருக்குத் தெரியாது. விளம்பரத் தடுப்புக்கு எல்லாரும் நம்புன யூபிளாக் ஆரிஜின் இப்ப குரோம்ல வேலை செய்யாது. எக்ஸ்டென்ஷனுக்கான விதிமுறைய கூகுள் மாத்துனாங்க, மேனிஃபெஸ்ட் வி3-ன்னு பேரு, பழைய முறைல எழுதுனதையெல்லாம் 2024, 2025-ல படிப்படியா அணைச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா யூபிளாக் ஆரிஜின் லைட்னு ஒண்ணு அதே ஆளு குடுக்கறாரு, ரேமண்ட் ஹில்னு பேரு, நன்கொட கூட வாங்காம இத்தன வருஷமா செய்யறாரு. லைட் மோசம் இல்ல, சாதாரண செய்திப் பக்கத்துக்கு நல்லாவே வேலை செய்யுது, ஆனா முழுசு முழுசுதான். இதுல பேர் குழப்பம் வேற இருக்கு, ஆரிஜின்ங்கற வார்த்த இல்லாம வெறும் யூபிளாக்னு இருக்கறது வேற ஆளுங்களோடது, ஹில் அந்தப் பழைய திட்டத்த 2015-ல வேற கைக்குக் குடுத்துட்டு தனியா வந்து ஆரம்பிச்சதுதான் ஆரிஜின். தேடும்போது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும், பேர முழுசா படிங்க.

இப்ப ஃபயர்பாக்ஸ். எனக்கு இதுமேல சாய்வு இருக்கு, காரணத்தோட சொல்றேன். அவங்க ஸ்டோர்ல ரெகமண்டட்னு ஒரு அடையாளம் இருக்கு, 2019-லேந்து, அந்த அடையாளம் வாங்குன எக்ஸ்டென்ஷனோட கோட அவங்க ஆளுங்களே ஒக்காந்து படிக்கறாங்க, போடறப்ப மட்டும் இல்ல, அப்புறம் வர்ற ஒவ்வொரு அப்டேட்டையும். இந்த அப்டேட்டயும் பாக்கறாங்கங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது. ஏன்னா எக்ஸ்டென்ஷன்ல பெரிய ஆபத்து போடற அன்னிக்கு வர்றது இல்ல, அப்புறமா கை மாறும்போது வர்றது. தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒண்ணு, நெறய டேப் திறந்து வச்சா மெமரி தின்னாம இருக்க அத தூங்க வைக்கும், ரேம் கம்மியான மெஷின்காரங்களுக்கு வரப்பிரசாதமா இருந்துச்சு, இருபது லட்சம் பேருக்கு மேல வச்சிருந்தாங்க. 2020-ல செஞ்சவர் அத யாரோ ஒருத்தருக்கு வித்துட்டாரு, 2021 பிப்ரவரில மால்வேர்னு சொல்லி கூகுள் எல்லார் மெஷின்லயும் நிறுத்திடுச்சு. போட்டவங்க ஒரு தப்பும் பண்ணல, நல்லதாதான் போட்டாங்க, உள்ள இருந்த ஆளு மாறிட்டாரு. நம்பி வீட்டுச் சாவியக் குடுத்த ஆளு அந்தச் சாவிய இன்னொருத்தன்கிட்ட வித்துட்டுப் போன மாதிரி.

ஃபயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின் முழுசாவே ஓடுது. பக்கம் சீக்கிரம் திறக்குது, வீடியோ விளம்பரம் தானா ஓடி டேட்டாவ தின்னறது நிக்குது, மொபைல் டேட்டாவ ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ல ஓட்டற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது வசதி மட்டும் இல்ல, நேரடியா கியாட் மிச்சம். பழைய மெஷின்காரங்களுக்கும் இதுதான் கை குடுத்துச்சு, விண்டோஸ் 7-க்கு குரோம் 2023 தொடக்கத்துல 109-ஆம் பதிப்போட கையக் கழுவிடுச்சு, ஃபயர்பாக்ஸ் 115-ஆம் பதிப்ப வச்சு அதுக்கப்புறமும் ரொம்ப நாள் பாதுகாப்பு அப்டேட் குடுத்துட்டு இருந்தாங்க. போன்ல இன்னும் வித்தியாசம் பெருசு. ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷனே போட முடியாது, ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ்ல 2023 டிசம்பர்லேந்து நூத்துக்கணக்குல திறந்து விட்டுட்டாங்க, யூபிளாக் ஆரிஜின் அதுக்கும் முன்னாடிலேந்தே அங்க இருக்கு.

குறையும் உண்டு. சில வெப்சைட் குரோம மட்டும் நெனச்சு செஞ்சிருப்பாங்க, ஃபயர்பாக்ஸ்ல ஃபாரம் சரியா போகாது. மொழிபெயர்ப்பு நம்ம மெஷினுக்குள்ளயே நடக்குது, எங்கயும் அனுப்பறது இல்ல, அது ரொம்ப நல்ல விஷயம், ஆனா மொழிங்க குறைவு, பர்மியப் பக்கம் அடிக்கடி படிக்கறவங்களுக்கு குரோம் அளவுக்கு ஆகாது.

எட்ஜ் பத்தி நீட்டி சொல்ல ஒண்ணும் இல்ல. 2020-லேந்து உள்ள இருக்கற எஞ்சின் குரோமோடதுதான், குரோம் ஸ்டோர்லேந்தும் அதுல போடலாம், அதனால குரோமுக்கு சொன்ன நல்லது கெட்டது எல்லாம் பெரும்பாலும் இதுக்கும் பொருந்தும். தனியா டவுன்லோட் பண்ணத் தேவையில்லங்கறதுதான் லாபம். பிரேவ்னு ஒண்ணு இருக்கு, விளம்பரத் தடுப்பு உள்ளயே வருது, எக்ஸ்டென்ஷன் போடவே பயப்படற வயசானவங்களுக்கு அது ஒரு நல்ல வழி, போன்லயும் அப்படியே வருது.

எக்ஸ்டென்ஷனே வேணாம்ங்கற வழிக்கு வர்றேன். தமிழ் டைப்பிங்குக்கு எக்ஸ்டென்ஷன் தேடாதீங்க. விண்டோஸ் 10, 11-ல செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ் போய் தமிழ சேர்த்தா அம்மான்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ்ல வர்ற போனடிக் கீபோர்டு அதுலயே இருக்கு. பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும், விண்டோஸ் கீபோர்டு வைபர்லயும் வேர்ட்லயும் எங்க வேணாலும் வேலை செய்யும், அதோட நீங்க அடிக்கற ஒவ்வொரு எழுத்தையும் முகம் தெரியாத ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்கற நெலமையும் இல்ல. மெமரிக்கு இப்ப குரோம்லயே மெமரி சேவர் இருக்கு, எட்ஜ்ல ஸ்லீப்பிங் டேப்ஸ் இருக்கு, அந்த சஸ்பெண்டர் மாதிரி ஒண்ணு தேவையே இல்ல.

பர்மிய எழுத்து விஷயத்துல ரெண்டு வேற வேற நோயக் குழப்பிக்கறாங்க. வெறும் கட்டம் கட்டமா தெரிஞ்சா உங்க மெஷின்ல பர்மிய ஃபான்ட் இல்லன்னு அர்த்தம், விண்டோஸ் 7-ல அது கிடையாது, 8-லேந்துதான் கூடவே வருது, ஃபான்ட் போட்டா சரியாயிடும், எக்ஸ்டென்ஷன் ஒண்ணும் செய்யாது. எழுத்து தெரியுது ஆனா கொம்பும் சுழியும் இடம் மாறி கன்னாபின்னான்னு இருந்தா அது ஸவ்ஜிங்கற பழைய பர்மிய எழுத்து முறைல அடிச்ச பக்கம். 2019 அக்டோபர் 1-ந் தேதி நாடே உலகம் முழுக்க பொதுவா இருக்கற யூனிகோடு முறைக்கு மாறுனப்புறம் புதுசு எல்லாம் சரியா வருது, பழசு அப்படியே கிடக்கு. அத மாத்திக் காட்டற எக்ஸ்டென்ஷன் இருக்கு, பழைய பத்திரிகைப் பக்கம், பழைய பதிவு நெறய படிக்கற ஆளா இருந்தா போடலாம், எப்பவாவது ஒண்ணுன்னா அந்த எழுத்த காப்பி பண்ணி ஒரு கன்வர்ட்டர் பக்கத்துல ஒட்டிப் படிச்சுட்டுப் போயிடுங்க.

சரி, போடறது எப்படின்னு ஒண்ண மட்டும் கிட்டேந்து பாப்போம், ஃபயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின். கூகுள்ல தேடி மொதல்ல வர்ற லிங்க்க அமுக்காதீங்க, மேல வர்றது பல சமயம் விளம்பரம். ஃபயர்பாக்ஸ திறந்து வலது மூலைல மூணு கோடு மெனு, அதுல எக்ஸ்டென்ஷன்ஸ், அங்கேயே மேல தேடற பெட்டி இருக்கும், அதுல பேர அடிங்க. இப்படிப் போனா நீங்க நிக்கறது ஃபயர்பாக்ஸ செய்யற மொஸில்லாவோட இடம்தான்னு சந்தேகமே வேணாம். வர்ற லிஸ்ட்ல பேர் முழுசா சரியா இருக்கா, கீழ ரேமண்ட் ஹில்னு இருக்கா, ரெகமண்டட் அடையாளம் இருக்கா பாருங்க, திறந்து கீழ வந்தா கடைசியா எப்ப அப்டேட் பண்ணாங்கன்னு தேதி இருக்கும், ரெண்டு வருஷமா தொடாததுன்னா விட்டுடுங்க, இது அப்படி இல்ல. ஆட் பட்டன அமுக்குனா ஒரு சின்னப் பெட்டி எழும்பி நிக்கும், எல்லா வெப்சைட்லயும் உங்க தகவல பாக்க அனுமதி கேக்குது, குடுக்கலாமான்னு. இங்கதான் எல்லாரும் படிக்காம சரி சரின்னு அமுக்கறது. விளம்பரம் எல்லாப் பக்கத்துலயும் வருது, அதத் தடுக்கறதுக்கு எல்லாப் பக்கத்தையும் பாக்கத்தான் வேணும், அதனால இவரு கேக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா வெறும் கால்குலேட்டரோ, ஸ்கிரீன்ல பூ விழற தீமோ இதே அனுமதிய கேட்டா உடனே வேணாம்னு மூடிடணும். கேக்கறது அதோட வேலைக்குப் பொருந்துதா, இந்த ஒரு கேள்விய அந்தப் பெட்டி முன்னால கேட்டுட்டா போதும், டெக்னிக்கலா வேற எதுவும் தெரிய வேண்டியதில்ல. குரோம்லயும் இதே மாதிரி பெட்டிதான், அங்க ஒரு வசதி கூடுதல், போட்டப்புறம் எக்ஸ்டென்ஷனோட டீடெயில்ஸ்ல போய் எல்லா சைட்லயும் வேணாம், நான் கிளிக் பண்ணும்போது மட்டும் பாத்தா போதும்னு சுருக்கிடலாம்.

இவ்ளோ சொன்னப்புறம் யாருக்கு எதுன்னு நான் சொல்றது இதான். அப்பா அம்மா மட்டும் பொழங்கற லேப்டாப், பக்கத்துல விவரம் தெரிஞ்ச பிள்ள இல்லன்னா, ஃபயர்பாக்ஸ் போட்டு யூபிளாக் ஆரிஜின் ஒண்ணே ஒண்ணு, தமிழுக்கு விண்டோஸ் கீபோர்டு, வேற எதுவும் கேட்டாலும் போட்டுத் தராதீங்க. பர்மிய அறிவிப்பு, அரசாங்க ஃபாரம்னு தினம் பாக்கறவங்க, கடை நடத்தறவங்கன்னா குரோமே வச்சுக்கங்க, கூட யூபிளாக் ஆரிஜின் லைட். ரெண்டு பிரவுசரும் போட்டு பணம் சம்பந்தப்பட்டத எக்ஸ்டென்ஷனே இல்லாத ஒண்ணுல மட்டும் பாக்கறதும் ரொம்ப நல்ல பழக்கம், மெஷின்ல எடம் இருந்தா அதயே செய்யச் சொல்வேன். போன்தான் எல்லாமேன்னு இருக்கறவங்க, நம்மள்ல பாதிப் பேர் அப்படித்தான், ஆண்ட்ராய்டுல ஃபயர்பாக்ஸோ பிரேவோ போட்டுக்கங்க. பென்டிரைவ் ஃபைல் யாருக்கும் வேணாம், குடுக்கறது சொந்த மச்சானாவே இருந்தாலும் வேணாம்.

ஏற்கனவே கண்டதையும் போட்டு வச்சிருக்கறவங்க குரோம்ல அட்ரஸ் பார் பக்கத்துல புதிர்த் துண்டு மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அத அமுக்கி லிஸ்ட்டப் பாருங்க. எதுக்குப் போட்டோம்னே ஞாபகம் இல்லாதது எல்லாத்தையும் ரிமூவ் பண்ணிடுங்க, தேவப்பட்டா திரும்பப் போட ஒரு நிமிஷம்தான். திடீர்னு ஒரு எக்ஸ்டென்ஷன் தானா நின்னு போய் புது அனுமதி வேணும்னு கேட்டா, அப்டேட்ல அது முன்ன கேக்காதத கேக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், கை மாறுனதும் பல சமயம் இந்த இடத்துலதான் தெரியும், ஏன் கேக்குதுன்னு தெரியாம சரின்னு குடுக்காதீங்க. அதோட கடைக் கம்ப்யூட்டர்லயோ ஆபீஸ் மெஷின்லயோ உங்க கூகுள் அக்கவுண்ட்டப் போட்டு குரோம்ல சிங்க் ஆன் பண்ணுனா அங்க போட்ட எக்ஸ்டென்ஷன் வீட்டு லேப்டாப்புக்கும் வந்து சேர்ந்துடும், வெளி மெஷின்ல மெயில் மட்டும் பாத்துட்டு சிங்க் கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க.